அரபிக் கடல் கிழிந்த கதை

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பள்ளிக்கூட அட்லஸ் இருக்கிறது. அதில் அரபிக் கடலின் ஒரு பகுதியைக் காணோம். மினிக்காய்த் தீவுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து அசாம் தேயிலைத் தோட்டம் எட்டிப் பார்க்கிறது. பின்னால் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. அது ஒட்டியவருடைய கோபத்தைக் காட்டும் விதத்தில் கோணலாக இருக்கிறது.

ஒட்டியவர் என் மனைவி. ஓட்டைக்குக் காரணம் நான். இன்னும் சரியாகச் சொன்னால் நான் வேலை பார்க்கும் கப்பல். அதைவிடச் சரியாகச் சொன்னால், அந்தக் கப்பல் முன்னால் போவதற்குப் பதிலாகப் பின்னால் போனது.

நான் திருச்சிப் பொன்மலைக்காரன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். காலனியில் என் வயதுப் பையன்கள் எல்லாரும் சங்கு ஊதினால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்களாக ஆனபோது, நான் மட்டும் பெரிய புத்திசாலி மாதிரி கடலுக்குப் போனேன். கடல் இல்லாத ஊரில் பிறந்தவனுக்குத்தான் அந்தக் கிறுக்கு பிடிக்கும். கடலோரத்தில் பிறந்தவனுக்குக் கடல் என்றால் என்னவென்று தெரியும்.

ஊரில் "கப்பல்ல இருக்கார்" என்றால் ஜனங்கள் மனதில் ஒரு படம் வைத்திருப்பார்கள். வெள்ளை உடுப்பு, தோளில் தங்கப் பட்டை, பெட்டி நிறைய சென்ட் பாட்டில். என்னை நேரில் பார்த்ததும் அந்தப் படம் உடைந்துபோகும். நான் இருப்பது சால்வேஜ் டக்கில். டக் என்றால் இழுவைக்கப்பல். நடுக்கடலில் எஞ்சின் செத்துப்போய் நிற்கிற கப்பல், தரைதட்டின கப்பல், தீப்பிடித்து அணைந்த கப்பல், இவற்றையெல்லாம் தேடிப்போய்க் கம்பி கட்டி இழுத்துக்கொண்டு வரவேண்டும். அதில் நான் தலைமை எஞ்சினியர். என் உடுப்பு ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறத்தில் இருந்ததாக வாங்கியவர்கள் சொல்கிறார்கள்.

மனைவி ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. கல்யாணமான புதிதில் ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் என் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டுக் குடைந்திருக்கிறார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொல்லிவிட்டாள்: "ஹைவேஸ்ல லாரி கவுந்தா ஒரு வண்டி வந்து கொக்கி போட்டு இழுத்துட்டுப் போகுதுல்ல? அந்த வண்டில எண்ணெய் ஊத்தறவரு." அதற்குப் பிறகு யாரும் அவளிடம் சென்ட் கேட்கவில்லை.

இந்த வேலையில் முக்கால்வாசி காத்திருப்பதுதான். திருகோணமலைக்கு வெளியே நங்கூரம் போட்டுக்கொண்டு, எஞ்சினைச் சூடாகவே வைத்துக்கொண்டு, யாருக்காவது கெட்ட நேரம் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்போம். வானொலியில் புயல் என்றால் மற்றவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். எங்கள் ஆட்கள் பல் தேய்த்து முடி சீவிக்கொள்வார்கள். சவப்பெட்டிக் கடைக்காரர்கூட ஊரில் எல்லாரும் நன்றாக இருக்கட்டும் என்று வாய்க்காவது சொல்வார். எங்களுக்கு அந்த நாகரிகமும் கிடையாது.

ஐம்பது தாண்டியதும் எனக்கு அலுத்துவிட்டது. அலுப்பு என்றால் தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை. எஞ்சின் சத்தத்தில் தூங்கித் தூங்கி, சத்தம் நின்றால் விழித்துக்கொள்கிற அலுப்பு. கரையில், வீட்டில், மின்விசிறி நின்றால் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடுகிற அலுப்பு. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. எஞ்சின் ரூம் ஏணியில் இறங்கும்போது அவை போடுகிற சத்தத்தைக் கேட்டு எங்கள் இரண்டாவது எஞ்சினியர் ஒரு முறை வால்வைச் சரிபார்க்கப் போய்விட்டான்.

மனைவி அதுவரை ஒரு நாளும் "போகாதீங்க" என்று சொன்னதில்லை. போன வருஷ லீவில் சொன்னாள். அதையும் நேராகச் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து மிச்ச சாதத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஒருத்தருக்கு மட்டும் எப்படிச் சமைக்கறதுன்னு எனக்கு இன்னும் வரலைங்க. தினமும் மிஞ்சுது. இத்தனை வருஷத்துல பழகியிருக்கணும்."

நான் ஏதோ ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு ஜோக் வராதது அபூர்வம்; அவளுக்கே பயமாகிவிட்டது.

அடுத்த வாரமே அவளாகவே ஒரு வேலை பார்த்துவிட்டாள். திருச்சிக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக். அதன் முதல்வர் ஒரு ஃபாதர். டீசல் எஞ்சின் லேபுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். லேபில் ஒரே ஒரு எஞ்சின் இருந்தது. சிமெண்ட் மேடையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். எந்தப் பக்கமும் ஆடாத ஒரு எஞ்சினை அவ்வளவு பக்கத்தில் பார்த்து ரொம்ப நாளாயிற்று. கையால் தடவிப் பார்த்தேன்.

"ஜூன் நடுவில காலேஜ் திறக்குது. அன்னிக்கு நீங்க இங்க இருக்கணும், சார்," என்றார் ஃபாதர். "இல்லேன்னா வேற ஆளைப் போட்டுருவேன். பசங்க சும்மா உக்காந்திருக்க முடியாது பாருங்க."

கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் கொஞ்சம் பாக்கி இருந்தது. மே மாதத்தோடு முடியும். முடித்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருகோணமலைக்குப் போனேன். ஜூனுக்குள் வருவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். கடலில் இத்தனை வருஷம் இருந்தவன் நினைக்கக்கூடாத நினைப்பு அது.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. கப்பலில் தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் பார்த்துப் பலகையில் எழுதுவார்கள். அதை நான் போனில் அவளுக்கு அனுப்பிவிடுவேன். சாட்டிலைட் புண்ணியத்தில் இப்போது அது எளிது. அவள் அட்லஸை எடுத்து, பென்சிலைக் கூராகச் சீவி, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பாள். வேறு குசலம் விசாரிக்காமல்கூட இருப்போம், புள்ளி தப்பாது. சண்டை போட்டுக்கொண்ட நாட்களில்கூட வெறும் எண்களை அனுப்புவேன். அவளும் வெறுமனே "வெச்சாச்சு" என்று பதில் போடுவாள்.

மே மாதத்தில் எங்களுக்கு வேலை வந்தது. இலங்கைக்குத் தெற்கே ஒரு சரக்குக் கப்பல், எஞ்சின் ரூமில் தீப்பிடித்து, அணைத்து, பிறகு விளக்குகூட இல்லாமல் அலைந்துகொண்டிருந்தது. மாலுமிகளை வேறு கப்பல் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இப்படி அடிபட்டு நிற்பதை எங்கள் பாஷையில் கேஷுவாலிட்டி என்போம். ஆஸ்பத்திரியில் இருப்பதும் அதே வார்த்தைதான், வாசனையும் ஏறக்குறைய அதே மாதிரிதான். எங்கள் ஆட்கள் தொற்றி ஏறி, சின்னக் கயிற்றை வீசி, அதைக் கொண்டு பெரிய கயிற்றை இழுத்து, பெரிய கயிற்றைக் கொண்டு இரும்புக் கம்பியை இழுத்து மாட்டினார்கள். நாங்கள் மூன்று தெருத் தள்ளி நிற்கிற பெரிய கோயில் யானையை இழுக்கும் ஆட்டுக்குட்டி மாதிரி ஆனோம்.

அதன் பிறகுதான் முதலாளிகள் எங்கே இழுத்துப் போவது என்று சொன்னார்கள். புஜைரா. வளைகுடாவில். அங்கேதான் ரிப்பேர் செய்ய இடம் கிடைத்ததாம்.

நான் வரைபடத்தைப் பார்த்தேன். என் வீடு வடக்கே. நான் போகவேண்டியது வடமேற்கே, அரபிக் கடலின் அந்தக் கோடியில். வீட்டுக்குப் போவதற்காக, வீட்டைத் தாண்டி, வீட்டைவிட்டு அவ்வளவு தூரம் போய், ஷார்ஜாவில் விமானம் ஏறி, அவ்வளவு தூரத்தையும் திரும்பி வரவேண்டும். அதுவும் ஒரு பிணத்தை இழுத்துக்கொண்டு, மனிதன் வேகமாக நடந்தால் முந்திவிடக்கூடிய வேகத்தில்.

"மெதுவா போனாலும் ஜூன் ஆரம்பத்துல போயிடலாம் சீஃப்," என்றார் கேப்டன். நாகப்பட்டினத்துக்காரர். நல்ல மனிதர். பொய் சொல்லும்போது தாடையைச் சொறிவார். சொறிந்தார்.

இழுக்கிற வேலை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். கம்பி எங்கள் பின்பக்க விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் போய்விடும். வெகுதூரத்தில் அந்தப் பெரிய கறுப்புக் கப்பல் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும், நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. ஆனால் கம்பி விளிம்பில் ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருந்தால் அந்த இடம் தேய்ந்து அறுந்துவிடும். அதனால் அவ்வப்போது கம்பி சுற்றிய வின்ச் உருளையைத் தளர்த்திக் கம்பியைக் கொஞ்சம் வெளியே விடவேண்டும். தேய்வதற்குப் புது இடம் கொடுக்கவேண்டும். மழையானாலும் தூக்கமானாலும் இது தவறக்கூடாது. இதை ஒரு முறை மனைவிக்குப் போனில் விளக்கினேன்.

"இதைத்தான் கல்யாணம் ஆனதுலேருந்து நான் பண்ணிட்டிருக்கேன்," என்றாள். "இதுக்கு உங்களுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?"

எங்கள் சமையல்காரர் மணப்பாறைக்காரர். சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன் நான்தான். அவருக்கு முறுக்கு சுடாவிட்டால் கை நடுங்கும். ஆனால் கப்பல் ஆடும்போது கொதிக்கிற எண்ணெய் வைக்கக் கேப்டன் தடை போட்டிருந்தார். அதனால் எங்கள் கப்பலில் வானிலை அறிக்கைக்கு யாரும் கருவியைப் பார்ப்பதில்லை. முறுக்கு வாசனை வந்தால் கடல் அமைதி. வராவிட்டால் இல்லை. மினிக்காய் பக்கம் போனபோது ஒரு நாள் வாசனை நின்றது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டது.

அந்தப் பக்கத்தில் காற்று மேற்காகத் திரும்பி, ஏறக்குறைய நேரே முகத்தில். நீரோட்டமும் எங்களுக்கு எதிர்ப்பக்கமாகவே திரும்பியது. எங்கள் கப்பலாவது சின்னது, குனிந்து போய்விடும். பின்னால் வருகிற பூதம் பாய்மரம் மாதிரி நின்று காற்று முழுவதையும் வாங்கிக்கொண்டது. நான் இரண்டு எஞ்சினையும் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு ஓட்டினேன். வேகத்தைக் கூட்டினால் கம்பி அறுந்துவிடும். குறைத்தால் போன தூரம் திரும்பி வந்துவிடும். மறுநாள் மத்தியானம் பலகையைப் பார்த்தேன். முந்தின நாள் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் இருந்தோம்.

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"எண்ணைத் தப்பா அனுப்பிட்டீங்க. இது நேத்திக்கு முன்னாடி வெச்ச புள்ளிகிட்ட வருது."

"தப்பு இல்ல. சரிதான்."

"திரும்பி வர்றீங்களா?"

"இல்ல. முன்னாடிதான் போறோம். ஆனா பின்னாடி போயிட்டிருக்கோம்."

பிறகு ரப்பர் தேய்க்கிற சத்தம் கேட்டது. முந்தின நாள் புள்ளியை அழிக்கிறாளாம். ஒரு கோட்டில் முன்னால் போகிற புள்ளிகளைப் பார்த்துப் பழகிய ஆசிரியைக்கு அந்தக் குழப்பம் பிடிக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் கொஞ்சம் முன்னேறினோம். அடுத்த நாள் மறுபடி பின்னால். அதற்கு அடுத்த நாள் பக்கவாட்டில். பார்த்த அதே தண்ணீரையே பார்த்துக்கொண்டு டீ குடித்தேன். கொச்சி அவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, போய் ஒதுங்கலாமே என்று யாரும் கேட்கலாம். அவளும் கேட்டாள். செத்த கப்பலை எந்தத் துறைமுகமும் உள்ளே விடாது. உள்ளே வந்து மூழ்கிவிட்டால் யார் எடுப்பது? நாங்கள் எடுப்போம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள், நாங்கள்தானே இழுத்துக்கொண்டு வந்தது.

வாந்தி, ஈரம், டின் மீன், எஞ்சின். தூக்கம் என்பது படுக்கையின் இரண்டு பக்கச் சட்டத்திலும் மாறி மாறி மோதுவது. இரண்டாவது எஞ்சினியர் என்னைப் பார்த்து, "சார், நீங்க கண்ணைத் திறந்துட்டே தூங்கறீங்க," என்றான். "கண்ணை மூடிட்டுத் தூங்கினா வேலை செய்யலைன்னு சொல்லுவீங்க," என்றேன். சிரிக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் கீழ்வீட்டில் இருப்பவர் பெருமாள் கோயிலில் ஸ்ரீபாதம்தாங்கி. புறப்பாட்டில் பெருமாளின் பல்லக்கைத் தோளில் சுமப்பவர். தோளில் காய்த்துப்போன திட்டு ஒன்று இருக்கும். மனைவி மாடிப்படியில் அட்லஸோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் விசாரித்திருக்கிறார். அவள் விஷயத்தைச் சொன்னாளாம்.

அவர் யோசித்துவிட்டு, "அடியேனுக்கு ஒரு சந்தேகம், டீச்சர்," என்றாராம். "பெருமாளை ஏளப்பண்ணிண்டு போறச்சே நாங்களும் ரெண்டடி முன்னால வெச்சு ஓரடி பின்னால வெப்போம். அதுக்கு நடைன்னு பேரு. உங்காத்துக்காரர் பண்றாரே, அதுக்கு என்ன பேரு?"

"ஓவர்டைம்னு சொல்லு," என்று போனில் அவளிடம் சொன்னேன்.

காலேஜ் திறக்க ஒரு வாரம் இருந்தபோது ஒரு வழி பிறந்தது. எங்களுக்கு டீசலும் தண்ணீரும் குறைந்துவிட்டதால் கொச்சியிலிருந்து ஒரு சப்ளை போட் வருவதாகத் தகவல். கேப்டன் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு, சீஃப். ரெண்டாவது எஞ்சினியர் சமாளிச்சுக்குவான். அந்தப் போட்ல நீங்க போயிருங்க."

பையைக் கட்டினேன். சவரம் செய்துகொண்டேன், மூன்று இடத்தில் வெட்டு. ஆரஞ்சு உடுப்பைக் கழற்றிவிட்டு ஒரு மனிதச் சட்டை போட்டுக்கொண்டு, அதன் மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மேல்தளத்தில் போய் நின்றேன். சமையல்காரர் ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுவந்து பையில் வைத்தார். பழைய முறுக்கு, காற்றடிக்கும் முன்பு சுட்டது.

போட் வந்தது. பக்கத்தில் வரவில்லை. வரமுடியவில்லை. ஒரு அலைக்கு அதன் தளம் எங்கள் தலைக்கு மேல் தெரிந்தது. அடுத்த அலைக்கு அதன் புகைபோக்கிக்குள் பார்க்கலாம் போலக் கீழே போனது. டீசல் குழாயை மிதக்கவிட்டுத் தூரத்திலிருந்தே பம்ப் செய்தார்கள். நான் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் போட்டில் ஒருவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு அவர் கொச்சியில் இருப்பார். அவ்வளவு பொறாமையோடு இன்னொரு மனிதன் டீ குடிப்பதை நான் பார்த்ததில்லை.

டீசல் ஏறி முடிந்தது. கேப்டன் வந்தார். தாடையைச் சொறியவில்லை.

"கயித்து ஏணிதான், சீஃப். போட்டு ஒரு நிமிஷம் ஒட்டி வருவான். அது மேல வர்ற நேரத்துல கால் வெச்சுடணும். தப்புனா ரெண்டு இரும்புக்கும் நடுவுல. சின்னப் பசங்கன்னா நான் இறங்குடான்னுடுவேன். உங்களுக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஆனா உங்க காலேஜ் சமாசாரம் தெரியும். வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க."

வாழ்நாள் முழுக்கக் கடலில் கழித்த கேப்டன், முடிவை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார்.

அங்கே மதிய உணவு நேரம். பின்னணியில் பெண்பிள்ளைகள் கூச்சலும் டிபன் பாக்ஸ் சத்தமும் கேட்டன.

"எங்க இருக்கீங்க?"

"அதே இடம். கொச்சி போட் பக்கத்துல நிக்குது. இதுல ஏறிட்டா நாளன்னிக்குக் காலையில நம்ம வீட்டு வாசல்ல இருப்பேன்."

"ஏறிட்டான்னா?"

ஏணியைப் பற்றிச் சொன்னேன். அலையைப் பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன்.

"ஏன் குரல் இப்படி இருக்கு?"

"காத்து அடிக்குது."

"காத்துல குரல் நடுங்குமா?" என்றாள். பிறகு, "முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு."

"நம்ம மாடிப்படியிலேயே கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு, ஒரு படிக்கு ரெண்டு காலையும் வெச்சுத்தான் இறங்கறீங்க."

"அது வேற படி."

"ஆமா. அது ஆடாது."

இதில் என்ன வேடிக்கை என்றால், அவள் "இறங்குங்க" என்று சொல்லியிருந்தால் நான் இறங்கியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும். போன் முழுக்க டிபன் பாக்ஸ் சத்தமாக இருந்தது.

"ஏறாதீங்க," என்றாள். "சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஓடற பஸ்லேருந்து இறங்கி விழுந்த ஆளு நீங்க. அன்னிக்கு மல்லிப்பூக்காரம்மா தூக்கி விட்டாங்க. அங்க யாரு இருக்கா?"

"அப்ப காலேஜு?"

"பாத்துக்கலாம். மணி அடிச்சுட்டாங்க, நைன்த் ஸ்டாண்டர்ட் எனக்கு. இன்னிக்குப் புள்ளி அதே இடம்தானே?"

"அதே இடம்தான்."

"சரி. வெச்சுடறேன்."

போனை வைத்தாளா புள்ளியை வைத்தாளா என்று தெரியாமல் நின்றேன். போட் விலகிப் போயிற்று. சமையல்காரர் பக்கத்தில் வந்து, "பையையாவது தூக்கிப் போட்டிருக்கலாம் சார். பையாவது வீட்டுக்குப் போயிருக்கும்," என்றார். இருவரும் அங்கேயே நின்று அந்தப் பழைய முறுக்கைத் தின்றோம்.

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. ஃபாதர் ஒரு வாரம் பொறுக்கமாட்டாரா? இரண்டு வாரம்? தினமும் எஞ்சினைக் கும்பிடாத குறை. ஒவ்வொரு மத்தியானமும் அவளிடம், "காலேஜ்லேருந்து ஏதாவது கேட்டாங்களா?" என்பேன். "பாத்துக்கலாம்," என்பாள். ஜூன் நடுப்பகுதி வந்தது, போயிற்று. அதற்குள் அட்லஸில் மினிக்காய்ப் பக்கம் அழித்து அழித்து வெளுத்து, மெலிந்து, ஒரு நாள் ரப்பர் உள்ளே போய்விட்டதாம். "அரபிக் கடல் கிழிஞ்சுபோச்சுங்க," என்றாள். "இனிமே அங்க நிக்காதீங்க. புள்ளி வைக்க இடமில்ல."

அதைக் கேட்டதுபோல் காற்று கொஞ்சம் இறங்கியது. கம்பெனி இன்னொரு டக்கையும் உதவிக்கு அனுப்பியது. இரண்டு பேருமாக இழுத்தோம். ஒரு நாள் முறுக்கு வாசனை வந்தது. தளத்தில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நின்று மூச்சை இழுத்தார்கள். ஜூலையில் புஜைராவில் அந்தப் பூதத்தை ஒப்படைத்தோம். வாங்கிக்கொண்டவர் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். கேப்டன் தாடையைச் சொறிந்தார்.

ஷார்ஜாவில் விமானம் ஏறினேன். நாங்கள் வாரக்கணக்கில் உழுத கடலை அது சாப்பாடு கொடுத்து முடிப்பதற்குள் தாண்டிவிட்டது. கீழே பார்க்கக்கூடாது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. ஒரு வாழைமட்டை மிதந்து போனது. யாரும் இழுக்கவில்லை, எஞ்சின் இல்லை, கம்பி இல்லை. எங்களைவிட வேகமாகப் போயிற்று. "என்ன சார் பாக்கறீங்க?" என்றார் ஆட்டோக்காரர். "என் ஆபீஸ் வேலையை," என்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் மனைவியிடம் சொன்னேன்: "நாளைக்குக் காலையில முதல் வேலையா ஃபாதரைப் பாக்கணும். அந்த வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் குடுத்துடு."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இஸ்திரி வேணாம். அன்னிக்கு அந்தப் போட் போச்சுல்ல, அன்னிக்குச் சாயங்காலமே ஃபாதருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். வேற ஆளைப் போட்டுட்டாரு."

"யாரை?"

"பொன்மலை ஒர்க்‌ஷாப்புல முன்கூட்டியே ரிட்டயர்மென்ட் வாங்கிட்டவராம். உங்க அப்பா செக்‌ஷன்தானாம்."

சங்கு ஊதினால் சைக்கிள் எடுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவர். இப்போது ஆடாத எஞ்சினைத் தடவிக்கொண்டிருப்பார்.

"ஒரு வாரம் பாத்திருக்கலாமேம்மா."

"நீங்க பின்னாடி போயிட்டிருந்தீங்க. எத்தனை வாரம்னு நான் ஃபாதர்கிட்ட சொல்றது? பசங்க வாத்தியார் இல்லாம உக்காந்திருக்கறதா? நானும் வாத்தியார்தானே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

குழாயை மூடிவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். கை ஈரமாக இருந்தது.

"சொல்லியிருந்தா அப்புறமும் அந்தக் கப்பலை இழுத்திருப்பீங்களா?"

இந்த முறையும் ஜோக் வரவில்லை. அவள் போய் மிச்சச் சாதத்தில் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு பேருக்குச் சமைத்தும் மிஞ்சியிருந்தது. நான் கப்பலில் இருந்து இருந்து குறைவாகச் சாப்பிடப் பழகிவிட்டேன்.

நிறையத் தூங்கினேன். மின்விசிறி நின்றபோதெல்லாம் எழுந்தேன். கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் மேலே வந்தார். இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் தோளைப் பற்றியும் நான் முட்டியைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தோம். "சுமக்கறவாளுக்கு ஓய்வு கிடையாது, சார்," என்றார். "கிடைச்சாலும் எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாது."

ஆடி முடியும் சமயத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. திருகோணமலை. பழைய இடம், பழைய கேப்டன், பழைய முறுக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க எதுவும் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

"எங்க கூப்பிடறாங்க?" என்றாள் மனைவி. சொன்னேன். தலையை ஆட்டினாள். மறுபடி கரையில் ஒரு வேலை பார்க்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை. பாரேன் என்று நானும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் எனக்கு அலுப்பாக இருந்தது, என் முகத்தைப் பார்க்க அவளுக்கும் இருந்திருக்கும்.

சனிக்கிழமை அவள் மட்டும் மலைக்கோட்டைப் பக்கம் கடைவீதிக்குப் போய்விட்டு வெயிலில் சிவந்து வந்தாள். பையிலிருந்து ஒரு புது அட்லஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அரபிக் கடல் பக்கம் போகாதீங்க," என்றாள். "வங்காள விரிகுடா பக்கமாவே வேலை தேடிக்கச் சொல்லுங்க உங்க கேப்டனை. அது இன்னும் புதுசா இருக்கு."

பென்சிலைச் சீவினாள். மணியைப் பார்த்தாள். புது அட்லஸைத் திறந்து தமிழ்நாட்டுப் பக்கத்தை எடுத்து, காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் கிழக்கே, கவனமாக ஒரு புள்ளி வைத்தாள்.

"இது எதுக்கு?"

"இன்னிக்கு மத்தியானம் இங்கதானே இருக்கீங்க."

மறுநாள் மத்தியானமும் சாப்பிடக் கூப்பிடுவதற்கு முன்னால் அட்லஸை எடுத்து, அதே புள்ளியின் மேலேயே இன்னொரு தடவை பென்சிலை வைத்து அழுத்தினாள். அன்றைக்கும் நாங்கள் ஒரு மைல்கூட நகரவில்லை. அவள் ரப்பரைத் தொடவில்லை.